கணக்கு மேசைக்குப் பக்கத்தில் வாசித்தவை

பினாங்கில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்து முதல் ஆண்டை முடித்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: 2025 முழுவதும் இ-இன்வாய்ஸ் (விற்பனைச் சீட்டை மின்வழியில் வரி வாரியத்துக்கு அனுப்பும் முறை), சேவை வரி என்று ஓடியதில், வாசிக்க எண்ணிய நூல்களில் பாதியைக்கூடத் தொட முடியவில்லை, இப்படிப்பட்ட ஆண்டில் வாசிப்பைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி, ஆண்டு முடிவில் அதை எதைக்கொண்டு மதிப்பிடுவது, நீங்கள் என்னதான் வாசித்தீர்கள்? மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட என்னுடைய ஆண்டையே விரித்துச் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் சிறிய வரிக் கணக்கு அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். துணிக்கடை, மளிகைக்கடை, உணவகம், அச்சகம் வைத்திருப்பவர்களும், கடைவீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர்களுமே பெரும்பாலும் என்னிடம் வருபவர்கள். பெரிய நிறுவனங்களின் கணக்கைப் பார்ப்பவர்களுக்கு இந்த ஆண்டு வேறு விதமாக இருந்திருக்கக்கூடும்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். வேலை மிகுந்த ஆண்டில், செய்கிற தொழிலின் அடியில் ஓடும் வரலாற்றையும் இலக்கியத்தையும் தேடி வாசிப்பதே நிலைக்கிறது. ‘வேலையை மறப்பதற்காக வாசி’ என்பது நம்மிடையே புழங்கும் அறிவுரை. ஓய்வு மிகுந்த ஆண்டுகளில் அது நல்ல அறிவுரைதான். நெருக்கடியான ஆண்டிலோ, மறக்க நினைத்த வேலை பக்கத்துக்குப் பக்கம் வந்து நிற்கும். அதனோடு மல்லுக்கட்டுவதிலேயே நூல் கீழே போய்விடும். ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நாவல் ஒன்று என் வீட்டில் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நடுப்பக்கத்தில் அடையாள அட்டையோடு கிடக்கிறது. அதன்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அதற்குரிய ஆண்டு இது இல்லை, அவ்வளவுதான்.

ஆண்டு எப்படிப் போனது என்பதைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். பிப்ரவரி முடிவதற்குள் ஊழியர்களுக்கு இஏ படிவம் (ஆண்டுச் சம்பள விவரம்), மார்ச் 31-க்குள் முதலாளிகளின் இ படிவம், ஏப்ரல் 30-க்குள் சம்பளக்காரர்களின் பிஇ வருமான வரிப் படிவம், மின்வழியில் என்றால் மே 15 வரை தவணை, தொழில் வருமானம் உள்ளவர்களின் பி படிவத்துக்கு ஜூன் 30, மின்வழியில் ஜூலை 15. இவை ஆண்டுதோறும் வருபவை; உடம்புக்குப் பழகிப்போனவை. பழகாத இரண்டு 2025-இல் ஒரே நாளில், ஜூலை 1-ஆம் தேதி, வாசலில் வந்து நின்றன. ஒன்று இ-இன்வாய்ஸ். 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டியவர்களோடு தொடங்கி, 2025 ஜனவரி 1-இல் இரண்டரைக் கோடியைத் தாண்டியவர்களுக்கு வந்து, ஜூலை 1-இல் 50 லட்சத்திலிருந்து இரண்டரைக் கோடி வரை விற்பவர்களைத் தொட்டது. என் வாடிக்கையாளர்களில் சற்றுப் பெரிய கடைக்காரர்கள் எல்லாரும் இந்தக் கட்டத்தில்தான் வந்தார்கள். மற்றொன்று விரிவாக்கப்பட்ட சேவை வரி. ஜூன் 9-ஆம் தேதி அறிவித்தார்கள். ஜூலை 1 முதல் வாடகைக்கும் குத்தகைக்கும் 8 விழுக்காடு, கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு. கடைவீட்டு வாடகைக்கான வரம்பு முதலில் ஆண்டுக்கு 5 லட்சம் ரிங்கிட் என்றிருந்தது, ஜூன் 27-ஆம் தேதி 10 லட்சமாக உயர்த்தப்பட்டது. அந்த இடைப்பட்ட நாள்களில் வாடகைக்கு விட்டவர்கள் பலருக்கு ‘நீங்கள் பதிய வேண்டும்’ என்று விளக்கிவிட்டு, பிறகு ‘வேண்டியதில்லை’ என்று மீண்டும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வாய்த்தது. முதலாவது வருமான வரி வாரியத்தின் பொறுப்பு, இரண்டாவது சுங்கத்துறையின் பொறுப்பு. கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்: ‘அரசாங்கம் கேட்கிறது’.

நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து வேலைக்குப் போகிறவன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் அந்தக் காலைப் பயணம்தான் என் வாசிப்பு நேரம்; மாலையில் ஷா ஆலம் தாண்டும் முன்பே தூக்கம் வந்துவிடுகிறது. ‘நாளுக்கு இருபது பக்கம்’ என்று வகுத்துக்கொள்ளும் முறையை நான் நம்புவதில்லை. வரி ஆண்டின் பருவங்களுக்கு ஏற்ப நூலின் நீளமும் தன்மையும் மாற வேண்டும் என்பதே என் அனுபவம். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பழைய வாழ்க்கை வரலாறு ஒன்று போதும். ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு பாட்டுக்கு மேல் தாங்காது. ஆகஸ்டுக்குப் பிறகு நாவலுக்குப் போகலாம்.

ஆண்டின் தொடக்கத்தில் வாசித்தது ‘ஹிக்காயாட் அப்துல்லா’. முன்ஷி அப்துல்லா மலாய் மொழியில் எழுதி, 1849-இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த தன்வரலாறு அது. மலாக்காவில் பிறந்தவர், சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேய அதிகாரி ராபிள்சிடம் எழுத்தராக இருந்தவர், மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்ததால் அவர்களாலேயே ‘முன்ஷி’ என்று அழைக்கப்பட்டவர் என்பதையெல்லாம் இங்கே மலாய்ப் பள்ளிப் பாடத்திலேயே ஓரளவு படித்திருப்போம். பாடத்தில் படித்ததாக எனக்கு நினைவில்லாத ஒரு பகுதி அதில் இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது தந்தை தம்மைத் தமிழ் கற்க அனுப்பினார் என்றும், மலாக்காவின் வசதியான குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கம் என்றும், கணக்குப் பார்க்கவும் அங்கே நிறைந்திருந்த இந்திய வணிகர்களோடு பேசவும் அது பயன்பட்டது என்றும் அவர் எழுதுகிறார். இதைப் படித்த அன்று அலுவலகத்துக்குப் போய், ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் கணக்கு மென்பொருளைத் திறந்தபோது சிரிப்புத்தான் வந்தது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். வாணிகம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் கணக்கின் மொழியும் போகும். அன்று மலாக்காவில் சரக்கு சோழமண்டலக் கரையிலிருந்து வந்தது, எனவே கணக்கும் அதனோடு வந்தது. ஆயினும், நான் செய்யும் தொழிலுக்கு இந்த மண்ணில் இத்தனை நீண்ட முன்கதை இருக்கிறது என்ற அறிவு, ஆண்டு முழுவதும் வாசிக்க வேண்டியதைத் தானாகவே தேர்ந்து கொடுத்துவிட்டது.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நான் வாசித்தது ஒரே ஒரு பாட்டுதான் என்றால் மிகையில்லை. புறநானூற்றின் 184-ஆம் பாட்டு. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் பாடியது. வரி என்றாலே மேடையில் எடுத்துச் சொல்லப்படும் பாட்டு என்பதால் பலருக்கும் தெரிந்ததுதான். பதினோரு அடிகள். அதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு ரயிலில் நின்றபடியே வர முடிந்தது என்பதால்தான் அந்த மாதங்களுக்கு அது பொருந்தியது. மா என்ற சிறு நில அளவுக்கும் குறைவான நிலம்தான் என்றாலும், விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளுக்கு வரும். நூறு வயல் இருந்தாலும் யானை தானே புகுந்து மேய்ந்தால்,

வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்

என்கிறார் புலவர். மேடையில் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை ‘அதிகமாக வரி வாங்காதே’ என்று சுருக்கிச் சொல்லிவிடுவார்கள். வரி அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகிறவனுக்கு வேறொன்று படும். யானை எவ்வளவு தின்றது என்பதைப் பற்றிப் பிசிராந்தையார் கவலைப்படவே இல்லை. எடுக்கும் முறையில் மிதிபடுவது எவ்வளவு என்பதே அவர் கணக்கு. இ-இன்வாய்ஸ் ஒரு புதிய வரியே கிடையாது. அதனால் அரசின் வாய்க்குள் நேரடியாக ஒரு காசும் கூடுதலாகப் போவதில்லை. கடைக்காரர் செலவழித்ததெல்லாம் மென்பொருளுக்கும், அதை இயக்கப் புதிதாக வைத்த ஆளுக்கும், என் போன்றவர்களுக்குக் கொடுத்த கட்டணத்துக்கும்தான். அதாவது எல்லாமே காலில் மிதிபட்டவை. பொருளியலில் இதைப் பற்றித் தனித்துறையே இருக்கிறது. ஆனால் அந்த அளவை அன்றே வாய்க்கும் காலுக்குமாகப் பிரித்துக் காட்டியவர் ஒரு தமிழ்ப் புலவர் என்பதில் எனக்குத் தொழில்முறைப் பெருமை உண்டு.

அதே பாட்டு அரசின் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறது என்பதையும் விட்டுவிடக் கூடாது. ‘அறிவுடை வேந்தன் நெறியறிந்து கொளினே, கோடி யாத்து நாடுபெரிது நந்தும்’ என்ற அடிகள் வரி வாங்குவதைக் கண்டிக்கவில்லை. முறை அறிந்து வாங்கினால் கோடிக்கணக்கில் சேர்வதோடு நாடும் செழிக்கும் என்கின்றன. வாரியம் இ-இன்வாய்ஸ் அனுப்புவதற்கான மைஇன்வாய்ஸ் தளத்தை இலவசமாகக் கொடுத்தது. பெயர் சொல்லாமல் வாங்கிப் போகும் சில்லறை வாடிக்கையாளர்களின் விற்பனையை மாதத்துக்கு ஒரே தொகுப்பாக, மாதம் முடிந்த ஏழு நாள்களுக்குள் அனுப்ப இடம் கொடுத்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு மாதத் தளர்வும் இருந்தது. இ-இன்வாய்ஸ் விலக்குக்கான ஆண்டு விற்பனை வரம்பு ஜூனில் 5 லட்சம் ரிங்கிட் என்று வைக்கப்பட்டு, டிசம்பரில் 10 லட்சமாக உயர்ந்தது. இவையெல்லாம் கால் படும் இடத்தைக் குறைக்கும் முயற்சிகள்தான். அதே வேளையில், வரம்பும் தேதியும் மாறிக்கொண்டே இருந்ததில் சிறு கடைக்காரர் சிலர், பின்னால் விலக்குப் பெற்றுவிட்ட ஒரு கடமைக்காக முன்கூட்டியே பணம் கட்டி மென்பொருள் வாங்கி வைத்திருந்தார்கள். அந்தச் செலவை எந்த வாயும் தின்னவில்லை.

பாட்டின் கடைசி அடிகளை யாரும் மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை. அரசன் உறுதியற்றவனாகி, தகுதி அறியாத ஆரவாரச் சுற்றத்தோடு சேர்ந்து, அன்பு கெடும்படி வரியைப் பிடுங்க ஆசைப்பட்டால், யானை புகுந்த வயலைப் போல அவனும் உண்ண மாட்டான், உலகமும் கெடும் என்று முடிகிறது பாட்டு. சுற்றத்தையும் சேர்த்தே பிசிராந்தையார் குற்றம் சாட்டுகிறார். வழிகாட்டி நூலை எழுதுகிறவர், மென்பொருள் விற்கிறவர், விளக்கக் கூட்டம் நடத்துகிறவர், கட்டணம் வாங்கும் நாங்கள் எல்லாருமே அந்தச் சுற்றத்தில் அடக்கம் என்று எனக்குப் படுகிறது. உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, நூலின் முன்பகுதிப் பாட்டுகளுக்குக் கிடைத்த பழைய உரையையும் சேர்த்தே வெளியிட்டார். இந்தப் பாட்டும் அந்தப் பகுதிக்குள் வருவதால் பழைய உரையோடு வாசிக்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. பழைய உரையாசிரியரின் நடை, நாங்கள் நாள்தோறும் புரட்டும் சட்ட விளக்கங்களின் நடைக்கு வெகு அருகில் நிற்பது. எதை எதனோடு கூட்டிப் பொருள் கொள்ள வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே பிடிவாதம்.

ஆகஸ்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அடுத்த வாசிப்புக்கு வழி காட்டியது அதுதான். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் சரக்கு எடுப்பவர். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கினால், அங்குள்ள வியாபாரி நம் நாட்டுத் தளத்தில் இல்லை என்பதால், வாங்குகிறவரே அவர் சார்பில் இ-இன்வாய்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். சுங்கத்தில் சரக்கு விடுபட்ட பிறகு அதற்குத் தவணை உண்டு. ‘விற்றவர் அவர், பணம் கொடுத்தவன் நான், பில்லும் நான்தான் போடுவதா, ஐயா?’ என்று பெரியவர் கேட்டார். செலவு உண்மையானது என்று காட்டுவதற்கான சீட்டு இது, விற்பனைக்கான சீட்டு இல்லை என்று விளக்கினேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. மேசையின் இழுப்பறையைத் திறந்து, சிவப்புத் துணி அட்டை போட்ட நீண்ட பேரேடு ஒன்றை எடுத்தார். புதுப் பக்கம் புரட்டி, தலையில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே ‘லாபம்’ என்று எழுதி, பிறகு சூரத் வியாபாரியின் பெயர், மூட்டைகளின் எண்ணிக்கை, ரூபாய்த் தொகை, அன்றைய மாற்று விகிதம், வெள்ளிக் கணக்கு (ரிங்கிட் தொகை) என்று வரிசையாக எழுதி முடித்த பிறகுதான் மகளிடம் கொடுத்தார். மகள் அதைப் பார்த்துத் தளத்தில் தட்டினார். தளம் கேட்ட விவரங்கள் பேரேட்டிலும் ஏறத்தாழ அதே வரிசையில் இருந்தன. பிள்ளையார் சுழிக்கும் லாபத்துக்கும் மட்டும் அங்கே கட்டம் இல்லை.

அந்த வாரமே ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலை மீண்டும் எடுத்தேன். 1959-இல் வெளிவந்தது. சிங்காரம் 1938-இல் சுமத்ராவின் மேடானுக்குப் பிழைக்கப் போய்க் கடையில் வேலை பார்த்தவர். போருக்குப் பின் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1972-இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’தான் அவருக்குப் பெரும்பெயர் கொடுத்தது. ஆனாலும் கணக்குத் தொழிலில் இருப்பவர்கள் முதல் நாவலிலிருந்து தொடங்குவது நல்லது என்பேன். பினாங்கின் வட்டிக்கடை உலகம் அதில் தொழில் தெரிந்தவரின் கண்ணால் காட்டப்படுகிறது. விலாசத்தின் (நிறுவனப் பெயரின்) முதலெழுத்துகளாலேயே அழைக்கப்படும் முதலாளிகள், மேலாள், அடுத்தாள், பெட்டியடியில் (பணப்பெட்டி மேசையில்) இருக்கும் பையன் என்று படிப்படியாக இறங்கும் வரிசை, பற்று வரவு, வசூலுக்குப் போகும் நேரம், கடைக்குள் நடக்கும் பேச்சு எல்லாம் உண்டு. போரும் இந்திய தேசிய ராணுவமும் இளைஞர்களை இழுத்துப் போய்த் திருப்பி அனுப்பும்போது, துப்பாக்கி பிடித்துத் திரும்பிய ஒருவன் மறுபடியும் பெட்டியடிக்கு முன்னால் உட்கார முடியுமா என்ற கேள்விதான் கதையை நடத்துகிறது. காதல் கதை என்று சொல்லி இதை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு தொழில் தன் ஆள்களை எப்படித் தேர்கிறது, எப்படிக் கழிக்கிறது என்பதைப் பற்றிய நாவல்.

இந்த உலகம் உங்கள் ஊரிலேயே இருந்தது, தம்பி. ஜார்ஜ் டவுனில் லெபு பினாங்கு, கோலாலம்பூரில் லெபு அம்பாங் ஆகிய தெருக்களில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல விலாசங்கள், ஆளுக்கு ஒரு பெட்டியடி, பகலில் கடை, இரவில் அதே இடத்தில் படுக்கை. ஊரில் இருக்கும் முதலாளி இங்கே வருவதில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுத் தவணைக்கு ஏஜெண்டு வருவார், தவணை முடிந்ததும் கணக்கை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறுவார். கோவிலுக்கு வணிகர்கள் ஒதுக்கும் பங்கான மகமையும் அதே கணக்குப் புத்தகத்தில்தான் எழுதப்பட்டது. பினாங்குத் தண்ணீர்மலைச் சாலையில் இருக்கும் நகரத்தார் கோவிலுக்குத் தைப்பூசத்தன்று போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கோவிலின் பின்னால் ஒரு கணக்கு முறையும் நிற்கிறது என்பது தெரியுமோ, அறியேன்.

நாவலிலிருந்து நான் போய் நின்ற இடம் ஒரு சட்டம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவில் புழங்கிய தாளில் வாழை மரம் அச்சிட்டிருந்ததால் அதை வாழைமரத் தாள் என்றே மக்கள் அழைத்தார்கள். போகப்போக அதை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனாலும் அரிசி கிடைக்காத நிலை வந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் அது வெறும் காகிதமாகிவிட்டது. அப்படியானால், போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை 1945-இன் தொடக்கத்தில் வாழைமரத் தாளில் அடைத்தவருடைய கடன் தீர்ந்ததா, தீரவில்லையா? வட்டிக்கடைக்காரர்களுக்கு இது உயிர்க் கேள்வி. கடன் வாங்கியவர்களில் ரப்பர்த் துண்டு வைத்திருந்த மலாய் விவசாயிகளும் சீன வியாபாரிகளும் நம்மவர்களும் இருந்தார்கள். அவர்கள் அடைத்தது அன்றைக்கு அரசு செல்லும் என்று சொன்ன பணம்தான். 1948-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தாள் மதிப்பிழந்த வேகத்துக்கு ஏற்ப, எந்தக் காலத்தில் அடைத்த தொகை எவ்வளவுக்குச் சமம் என்று படிப்படியாக இறங்கும் அட்டவணை ஒன்று அதில் இணைக்கப்பட்டது.

அந்த அட்டவணையைப் பழைய சட்டத் தொகுப்பில் பார்த்தபோது, ஆண்டு முழுவதும் படித்த எந்த இலக்கியத்துக்கும் குறையாத ஈடுபாட்டோடு அதையும் படித்தேன். தேதி ஒரு பக்கம், மதிப்பு ஒரு பக்கம், நடுவில் வேறு சொல் கிடையாது. தேதி நகர நகர எண் இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு சமூகம் தன் பணத்தின்மீது வைத்திருந்த நம்பிக்கை எந்த மாதம் எவ்வளவு குறைந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் நின்று, யார் மீதும் முழுப் பழியைப் போடாமல் இழப்பைப் பங்கிட்ட அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நல்ல கணக்கர்கள். இதை வாசித்த பிறகு ‘புயலிலே ஒரு தோணி’க்குப் போனபோது, சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்ற சரக்குப் படகில் வரும் அந்தப் புகழ்பெற்ற புயல் பகுதியைவிட, பணமும் சரக்கும் கைமாறும் பக்கங்கள்தான் என்னை நிறுத்தின. மொழியின் வேகத்துக்காக அந்நாவலைக் கொண்டாடுகிறோம். அதன் ஆசிரியருக்கு ஒரு மூட்டைச் சரக்கின் விலை எங்கே எப்படி மாறுகிறது என்பது கடைசிக் காசுவரை தெரிந்திருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்பவர் குறைவு.

என் துணைவியார் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ‘வாசிப்பிலும் கணக்குத்தானா?’ என்று அவர் கேட்பதுண்டு, நியாயமான கேள்விதான். தொழிலை ஒட்டியே வாசித்தால் பார்வை குறுகிவிடும் என்ற ஆபத்து இருக்கவே செய்கிறது. ஆனால் மேலே சொன்னவற்றை எண்ணிப் பாருங்கள்: ஒரு மலாய்த் தன்வரலாறு, ஒரு சங்கப் பாட்டு, இரண்டு நாவல்கள், ஒரு சட்டம். இவற்றைக் கோத்த இழை மட்டும்தான் கணக்கு. மருத்துவமனைத் தாதிக்கு வேறு இழை கிடைக்கும், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு இன்னொன்று. பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972-இல் எப்படி உருவானது என்று தேடத் தொடங்கினாலே அவருக்கு ஓர் ஆண்டு போதாது.

மதிப்பிடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். முடித்த நூல்களின் எண்ணிக்கையை நான் வைத்துக்கொள்வதில்லை. பகல் முழுவதும் பிறருக்காக எண்ணுகிறவன் ரயிலிலும் எண்ண வேண்டாம் என்பது ஒரு காரணம். எண்ணிக்கை நோக்கமாகிவிட்டால் மெல்லிய நூல்களையே கை தேடிப் போகும் என்பது அதைவிட வலுவான காரணம். விற்பனை இலக்கு வைத்த கடைகளில் ஆண்டு முடிவில் என்ன நடக்கும் என்பதைத் தணிக்கைக்குப் போன உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு முடிவில் நான் அலுவலக நாள்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வேலை எந்த வாசிப்பைக் கிளப்பியது, எந்த வாசிப்பு வேலையில் எதை மாற்றியது என்று மட்டும் பார்க்கிறேன். நினைவை நம்பிச் செய்தால் கடைசி இரண்டு மாதங்கள்தான் ஆண்டு முழுவதையும் மூடி நிற்கும். நூலின் ஓரத்தில் பென்சிலால் தேதி போடும் பழக்கம் இருந்தால் இது எளிது. நூலக நூல் என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நாள்குறிப்புக்குள் வைத்துவிடலாம்.

இந்த ஆண்டில் அப்படி மாறிய ஒன்றைச் சொல்கிறேன். ஏஜெண்டு மாறும்போது கணக்கை ஒப்படைக்கும் முறையைப் பற்றி வாசித்ததற்குப் பின், எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளர் கோப்பின் முதல் தாளாக ஒப்படைப்புக் குறிப்பு ஒன்றை எழுதி வைக்கத் தொடங்கினோம். கடை யாருடையது, உரிமையாளர் எதைப் பேசினால் கோபப்படுவார், எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, எந்தத் தவணை எப்போதும் தாமதமாகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மென்பொருளில் இதற்கு இடமில்லை. செப்டம்பரில் அலுவலக உதவியாளர் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனபோது, புதிதாக வந்த பெண் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டே வேலையைப் பிடித்துக்கொண்டார். வாசிப்பின் பயன் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. பயனே இல்லாமல் வாசித்தவையும் உண்டு, 1948-இன் அட்டவணை என் வாடிக்கையாளர் ஒருவருக்கும் உதவாது. இரண்டையும் நாள்குறிப்பில் ஒரே மையில்தான் எழுதியிருக்கிறேன்.

இனி உங்கள் ஆண்டுக்கு வருகிறேன். தொடாமல் விட்ட பாதி நூல்களைப் புத்தாண்டுப் பட்டியலில் அப்படியே ஏற்ற வேண்டாம். முதல் ஆண்டுத் தணிக்கையில் நீங்கள் எந்தத் தொழிலின் இருப்புக் கணக்கை எடுக்கப் போனீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்; கிடங்கில் நின்றபோது எதைக் கண்டு வியந்தீர்களோ அதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊர்ச் சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. மலாயாவைப் பற்றிய பழைய ஆங்கில, மலாய் நூல்கள் அங்கே நியாயமான விலைக்குக் கிடைப்பதுண்டு. தமிழ் நூல் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம். கோலாலம்பூர் வந்தால் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் ஒரு நாள் செலவிடலாம். பருவத்தை மட்டும் மறக்க வேண்டாம்: உங்கள் அலுவலகத்தில் டிசம்பர் முடிவுக் கணக்குகள் மிகுதி என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாட்டுக்கு மேல் எதையும் கையில் எடுக்காதீர்கள்.

வாங்கும் நூல்களுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். வாழ்க்கை முறைச் செலவுகளுக்கான 2,500 ரிங்கிட் வரிக் கழிவில் நூல்களும் இதழ்களும் நாளேடுகளும் அடங்கும்; கணினி, கைப்பேசி, இணையக் கட்டணம் ஆகியவையும் அதே வரம்புக்குள்தான் வருகின்றன என்பதால், புதுக் கைப்பேசி வாங்கிய ஆண்டில் நூல்களுக்கு இடம் மிஞ்சாது. 2025-இல் வாங்கியவற்றை 2026 ஏப்ரலில், மின்வழியில் என்றால் மே 15-க்குள், பிஇ படிவத்தில் காட்டலாம். ரசீதுகளை 7 ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சந்தை மாடியில் உள்ள கடைக்காரர் ரசீது புத்தகம் இல்லை என்றால், ஒரு தாளில் நூலின் பெயர், தொகை, தேதி எழுதிக் கடை முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள்.